யாரும் பிரிக்காத கடிதங்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த குளிர்காலத்தில், அம்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நான் உறுதியாக நம்பினேன். பிடித்தது நம்மூர்ப் பேய் அல்ல. அமெரிக்கா தனி நாடாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், நியூ ஜெர்சியில் வெள்ளிக் கரண்டியும் பட்டு உடுப்புமாக வாழ்ந்த ஒரு பெரிய வீட்டுப் பெண்ணின் பேய். வேப்பிலைக்கும் விபூதிக்கும் அது பயப்படுமா என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

அந்த வீடு எங்கள் அபார்ட்மென்ட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் இருந்தது. வெள்ளை மரப்பலகைச் சுவர், கறுப்பு ஜன்னல் கதவுகள், பின்புறம் குடும்பத்தாரின் கல்லறைகள். இப்போது அதை மியூசியமாக வைத்திருந்தார்கள். அம்மா ஈரோட்டில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள். அப்பாவின் விசாவோடு ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்ததால் அவளுக்கு இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. சம்பளமில்லாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உழைக்கலாம்; அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஆகவே அம்மா வாரத்தில் பாதி நாள் அந்த வீட்டுக்குப் போய், அந்தக் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் எழுதிய பழைய கடிதங்களைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன்.

அந்தக் கடிதங்களைப் படிப்பது லேசான காரியம் இல்லை. அந்தக் காலத்தில் கவர் என்று ஒன்று கிடையாது. எழுதிய தாளையே மடித்து, உருக்கிய சிவப்பு அரக்கை ஒட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். தாளும் தபாலும் விலை என்பதால், பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்காகவே மறுபடி எழுதியிருப்பார்கள். எனக்கு அது சல்லடை மாதிரி தெரிந்தது. அம்மா அந்தச் சல்லடைக்குள்ளிருந்து மனிதர்களை எடுத்தாள்.

பெரும்பாலும் இரண்டு சகோதரிகளின் கடிதங்கள். அக்காள் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டவள். தங்கை கல்யாணம் முடித்து, மலைகளைத் தாண்டி ஒஹையோ ஆற்றுப் பக்கம் புருஷனோடு போய்விட்டவள். ஒரு கடிதம் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும். அங்கே கோடையில் கேட்ட கேள்விக்கு இங்கே இலையுதிர்ந்த பிறகு பதில் எழுதப்படும். ஊறுகாய்க்கு என்ன போடுவது, எந்தச் சித்தப்பா யாரோடு பேசுவதில்லை, எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று எல்லாம் அதில் இருந்தது. அம்மா இரவுச் சாப்பாட்டின்போது அதையெல்லாம் பக்கத்து வீட்டு விஷயம் போலச் சொல்வாள்.

"அக்காளுக்கு இன்னும் கோபம் தீரலை. தங்கச்சி பட்டுக் குல்லா கேட்டு எழுதிருக்கா, இவ அதுக்குப் பதிலே சொல்லலை."

"எந்தத் தங்கச்சி? கோபியில இருக்கறவங்களா?" என்று அப்பா போனிலிருந்து தலையை எடுக்காமல் கேட்பார்.

இன்னொரு பெண்ணின் பெயரும் கடிதங்களில் அடிக்கடி வந்தது. அவளுக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லை. பனியில் நடந்துபோய்த் தபால்காரரிடம் கடிதங்களைக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்தான். அவள் அந்த வீட்டாருக்குச் சொந்தம் என்று அம்மா சொன்னபோது, "சொந்தம்னா சொந்தக்காரங்களா?" என்று கேட்டேன். "இல்லை கண்ணு. ஆடு மாடு மாதிரி சொந்தம்," என்றாள் அம்மா. அப்புறம், "அவளுக்கும் எங்கயோ ஒரு தங்கச்சி இருந்திருப்பா. அவ எழுதினதா ஒரு துண்டுத் தாள்கூட இங்க இல்லை," என்றாள்.

மாடியறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் மூன்று கடிதங்கள், மூன்றின் முத்திரையும் உடையாமல். அரக்கு காய்ந்த குங்குமம் போலக் கறுத்திருந்தது. தங்கை பிரசவத்தில் இறந்துபோன செய்தி மலை தாண்டி வருவதற்குள் அக்காள் எழுதிப் போட்டவை அவை. தங்கையின் புருஷன் அவற்றைப் பிரிக்காமல், அவளுடைய துணிமணிகளோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டான். அக்காளும் பிரிக்கவில்லை. அவளுக்குப் பிறகு வந்த எவரும் பிரிக்கவில்லை.

அந்த வீட்டுக்குப் பொறுப்பாக, நரைத்த தலையை ஒட்ட வெட்டிய வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் இருந்தார். ஏன் அதைத் திறந்து படிக்கக் கூடாது என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அது நமக்கு வந்த கடிதம் இல்லையே," என்றார்.

தீபாவளி முடிந்து சில நாட்களில்தான் எல்லாம் மாறத் தொடங்கியது. முதலில் சாமி அலமாரியில் விளக்கு எரிவது நின்றது. கார்த்திகைத் தீபம் வந்தது. மற்ற வருடங்களில் பால்கனி நிறைய அகல் ஏற்றி, ஸ்மோக் அலாரம் அலறி, கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டும்வரை கொண்டாடுவோம். அந்த வருடம் எங்கள் பால்கனி மட்டும் இருட்டாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "இந்த வருஷம் வேண்டாம்," என்றார் அப்பா. அந்தப் பேய்க்கு விளக்கு பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

அடுத்தது கையெழுத்து. அம்மா ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்த கடைச் சீட்டில், கடுகுக்கான ஆங்கிலச் சொல்லின் நடுவில் எஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஃப் மாதிரி ஒன்று நீண்டு நின்றது. அந்தக் காலத்துக் கடிதங்களில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். "மஃப்டர்ட்" என்று நான் உரக்கப் படித்தேன். அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பது போல அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு அந்த அலமாரி அறை. படுக்கையறையை ஒட்டித் துணி மாட்டுவதற்கு என்று ஒரு சின்ன அறை உண்டு. ஒரு நாள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தபோது அம்மா எங்கும் இல்லை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அந்த அறையின் கதவுக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. கதவில் காதை வைத்தேன்.

"இங்க பனி கொட்டுது... நீ ஒரு பதிலும் சொல்லமாட்டேங்கற..."

அது கடிதத்தில் அக்காள் எழுதியிருந்த வரி. அம்மா அதைச் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்குத் தமிழில் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்தேன். குளிர்கோட்டுகள் தொங்கிய வரிசைக்குக் கீழே, இருட்டில், அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டுகளின் கைகள் அவள் தோள்மேல் விழுந்து, யாரோ பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருப்பது போலத் தெரிந்தது. "போய்ப் பால் குடி கண்ணு, வந்தர்றேன்," என்றாள். குரல் அவளுடையதுதான். முகம்தான் அவளுடையதாக இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, அம்மாவுக்குக் களைப்பு என்றார். பெரியவர்களுக்கு எந்தக் கேள்விக்கும் களைப்பு ஒரு பதில்.

மிச்சமிருந்தது சித்தி மட்டும்தான். அம்மாவின் ஒரே தங்கை, கோபிச்செட்டிபாளையத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருவாள். என்னுடைய அரைகுறைத் தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள், ஆனால் நான் சொன்னதை முழுக்கக் கேட்பாள். அம்மாவை அதட்டக்கூடிய ஒரே ஆள் அவள்தான். தீபாவளி சமயத்தில் சித்திக்கு டெங்குக் காய்ச்சல் என்று பேச்சு அடிபட்டது. பிறகு வீடியோ நின்றுவிட்டது. கேட்டால், "இப்ப பரவாயில்லை, ரெஸ்ட் எடுக்கறாங்க," என்றார் அப்பா. ஒரு காய்ச்சலுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை ரெஸ்ட் என்று எனக்குச் சித்திமேல் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை அந்த வீட்டில் ஒரு நிகழ்ச்சி. தன்னார்வலர்கள் பழைய கால உடையில் ஒவ்வொரு அறையிலும் உட்கார்ந்து கடிதங்களை வாசித்துக் காட்டுவார்கள். அக்காளின் கடிதங்களை வாசிப்பதற்கு அம்மாவைக் கேட்டிருந்தார்கள். பேயின் உடையையே அம்மா போடப்போகிறாள் என்று கேட்டதும் இனித் தாமதிக்கக் கூடாது என்று தோன்றியது. அன்று காலை அவள் குளிக்கப் போனபோது அவளுடைய போனை எடுத்தேன்.

வாட்ஸ்அப்பில் சித்தியின் பெயர் 'பாப்பா' என்றுதான் இருக்கும். அம்மா அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். திறந்தேன். அம்மாவின் குரல் செய்திகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் சாம்பல் நிற டிக். நான் எதையும் போட்டுக் கேட்கவில்லை. அலமாரி அறையில் கேட்டதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவும் இல்லை. சித்திக்குத் திமிர் என்று மட்டும் நினைத்தேன். கடைசியில் என்னுடைய செய்தியைப் பேசி அனுப்பினேன்.

"சித்தி, அம்மா ஓகே இல்லை. ஒரு கோஸ்ட்கூடப் பேசறாங்க. பேய். ட்ரூ. நீங்க வாங்க, ப்ளீஸ். இல்லேன்னா கால் பண்ணுங்க."

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சாம்பல் நிற டிக்கெல்லாம் நீலமாக மாறின. மேலே தள்ளிப் பார்த்தேன். அம்மா அனுப்பிய அத்தனையும் நீலம். கோபிச்செட்டிபாளையத்தில் யாரோ அந்த நிமிடம் திறந்து பார்த்திருந்தார்கள். பதில் வரவில்லை. ஆனாலும் சித்தி கேட்டுவிட்டாள் என்ற நிம்மதியில் நான் போனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. மாடியறையில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மர வீடு என்பதால் நிஜ மெழுகுவர்த்திக்குத் தடை; எல்லாம் பேட்டரியில் எரிந்தன. அம்மா மங்கலான நீல கவுனும் வெள்ளைக் குல்லாவுமாக ஜன்னலோரம் எழுதுமேஜையில் உட்கார்ந்திருந்தாள். தாலியை உள்ளே தள்ளி, பொட்டை எடுத்திருந்தாள். அவள் முகத்துக்குப் பின்னால் கண்ணாடியில் ஆறு இருளத் தொடங்கியது. அப்பா கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் நின்றார். எப்போதும் போட்டோ எடுப்பவர் அன்று எடுக்கவில்லை.

முதல் கடிதத்தையும் இரண்டாவதையும் அம்மா அழகாக வாசித்தாள். ஊறுகாய்க்குச் சிரித்தார்கள், பட்டுக் குல்லாவுக்குச் சிரித்தார்கள். மூன்றாவதற்கு வேறு ஏற்பாடு. பிரிக்கப்படாத கடிதத்துக்குப் பதிலாக, வெறும் தாளை மடித்து அரக்கு வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதை உயர்த்திக் காட்டி, இது எவராலும் வாசிக்கப்படவில்லை என்று சொல்லிக் கீழே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அம்மா அதை உயர்த்தினாள். பிறகு மடியில் வைத்து, கட்டை விரலால் முத்திரையை உடைத்தாள். அறையில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. பொறுப்பாளர் அம்மையார் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அம்மா தாளைப் பிரித்தாள். நான் முன்வரிசையில் இருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் தாளின் இந்தப் பக்கமும் தெரிந்தது, அந்தப் பக்கமும் தெரிந்தது. ஓர் எழுத்துகூட இல்லை.

அம்மா வாசித்தாள்.

அன்புள்ள தங்கைக்கு என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். ஆறு உறைந்துவிட்டது, பாதைகள் மூடிவிட்டன, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை என்று வாசித்தாள். கண்கள் தாளின்மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தன; வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறங்கின. எழுத்து இல்லாத தாளில் அவள் எதைத் தொடர்ந்து போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஏதோ ஓர் இடத்தில் ஆங்கிலம் நின்று தமிழ் வந்தது. குரலின் வேகம் மாறவில்லை, கண்ணின் ஓட்டமும் மாறவில்லை.

"நான் கிளம்பத்தான் பாப்பா பார்த்தேன். கதவைத் தாண்டிப் போனா மறுபடி உள்ள விடமாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. பிள்ளையை இங்க விட்டுப்போட்டு நான் எப்படி வர்றது? உன்னைக் கொண்டு போறதைப் போன்லதான் பார்த்தேன். அதுவும் நடுவுல நின்னுபோச்சு. உன்ற பிள்ளைக்குத் தலை யாரு பின்னிவிடறா?"

வெள்ளைக்காரர்கள் அதை நடிப்பின் ஒரு பகுதி என்று எண்ணியிருக்க வேண்டும். ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். நானோ, பேய் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டது என்று எண்ணினேன். அம்மாவுக்குப் பின்னால் இருந்த மெழுகுவர்த்திகளில் ஒன்று அணைந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும். எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை.

தாளின் கடைசிவரை வந்ததும் அம்மா நிறுத்தினாள். அதை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்தாள். கைதட்டலாமா என்று தெரியாமல் கொஞ்சம் பேர் தட்டினார்கள். பொறுப்பாளர் அம்மையார் வந்து, எதையும் கேட்காமல், அம்மாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது அப்பா கார் ஓட்டினார். அம்மா கவுனை மாற்றாமல் மேலே கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பனி மெல்லியதாக விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று காரின் ஸ்பீக்கர் முழுக்க மணி அடித்தது. டேஷ்போர்டின் திரையில் சித்தியின் சிரித்த முகம் வந்தது. அதன்கீழ், பாப்பா.

சித்தி அப்போது உயிரோடு இல்லை. தீபாவளிக்கு மறு வாரமே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பாவின் விசா நீட்டிப்பு நிலுவையில் இருந்தது. அம்மா ஊருக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். குழந்தை பயந்துவிடும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று என்னிடம் மட்டும் மறைத்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது அடுத்த கோடையில்.

அன்று நான் பின்சீட்டிலிருந்து குதித்தேன். "சித்தி! சித்தி கால் பண்றாங்க! அம்மா, எடு!"

அம்மா எடுக்கவில்லை. திரையில் இருந்த முகத்தையே பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அப்பா காரை ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினார். மணி நின்றது. சித்தியின் முகம் மறைந்து, ரேடியோ நிலையத்தின் பெயர் வந்தது. உடனே மறுபடி அடித்தது. இந்த முறை அப்பா கை நீட்டி எடுத்தார்.

முதலில் மூச்சுச் சத்தம். பிறகு சேவல் கூவியது; அங்கே விடியற்காலை. அப்புறம் ஒரு சின்னக் குரல் கார் முழுக்க நிறைந்தது. என்னைவிட மூன்று வயது இளையவளான சித்தி மகள், வீட்டார் எழுந்துவிடாமல் ரகசியமாகப் பேசினாள்.

"பெரியம்மா... அக்கா பேசினதை நேத்தே கேட்டுட்டேன். அப்பா பக்கத்துல இருந்தாங்க, அதான் கூப்பிடலை. உங்ககூடப் பேசுதுன்னு அக்கா சொன்னாளே, அது எங்கம்மாவா? எங்கம்மா அங்க வந்துட்டாங்களா?"

வைப்பர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. அப்பா ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"இங்க வரலை சாமி," என்றாள் அம்மா.

"வந்தா எங்கிட்டப் பேசச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன் சாமி."

"அவங்களைப் பார்த்து நீங்க பயந்துக்காதீங்க பெரியம்மா."

இன்றைக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்று மட்டும் அம்மா கேட்டாள். தானே பின்னிக்கொள்வதாகக் குழந்தை சொன்னாள். ரிப்பன் எந்த நிறம், முடிச்சு எந்தப் பக்கம் என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். குரல் நடுங்கவே இல்லை. அது மறுபடி என் அம்மாவின் குரலாக இருந்தது.

பின்சீட்டில் எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது. என் செய்தியைக் கேட்டதும் சித்தி உடனே கிளம்பிவிட்டாள், இன்னும் வந்து சேரவில்லை, விமானத்தில் இருப்பாள். அதனால்தான் போன் அவள் மகளின் கையில் இருக்கிறது. சித்தி வந்து அதட்டினால் எந்தப் பேயும் நிற்காது.

வீட்டுக்கு வந்ததும் நான் ஹாலில் சோபாவை விரித்துப் படுக்கையாக்கினேன். கம்பளியை உதறிப் போட்டு, என்னுடைய தலையணையைச் சித்திக்கு வைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து விமானம் எப்போது வரும், கூட்டி வர அப்பா போவாரா என்று கேட்டேன். அப்பா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். அம்மா நீல கவுனோடு வந்து படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கம்பளியில் விழுந்திருந்த ஒரு சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.

"மடிச்சு வெச்சிடட்டுமா, இன்னிக்கே வரமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் கண்ணு," என்றாள். "விரிச்சது விரிச்சபடியே இருக்கட்டும்."

சித்தி பசியோடு வருவாள் என்று நான் பிஸ்கட் எடுத்து வர ஓடினேன்.